ஐந்து நட்சத்திரம் சாட்சியாகுமா? இணையச் சந்தையில் விற்பவரை அறிந்து வாங்குவோம்

2025 மார்ச் மாதம் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் அதிகாரிகள் சோதனை நடத்தினர். தண்ணீர் பாட்டில்கள், பிளாஸ்க்குகள், மின்விசிறிகள், விளையாட்டுப் பொருட்கள் என மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கட்டாயத் தரச் சான்று முத்திரை இல்லாமல் சிக்கின. அவற்றின் மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். அதே மாவட்டத்தின் கொடுவள்ளியில் ஃபிளிப்கார்ட் கிடங்கிலும் சோதனை நடந்தது. அங்கே பிடிபட்டவற்றில் குழந்தைகளுக்கான டயப்பர்களும் ஸ்டீல் பாட்டில்களும் இருந்தன.

பள்ளிக்கரணை, மேடவாக்கம், ஜல்லடியன்பேட்டை, கோவிலம்பாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் வாழும் நம் குடும்பங்கள் இதை எங்கோ நடந்த செய்தியாக எண்ணிக் கடந்துவிட முடியாது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள் இங்கே அதிகம். பிள்ளையின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் முதல் பெருநாள் துணி வரை கைப்பேசியில்தான் வாங்குகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியின் மேசையருகே பார்சல்கள் குவியாத நாள் கிடையாது. அந்தப் பார்சலை அனுப்பியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

"அமேசானில் வாங்கினேன்", "மீஷோவில் வாங்கினேன்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் நாம் வாங்குவது அந்தத் தளத்திடம் அல்ல. அதில் கடை போட்டிருக்கும் முன்பின் அறியாத ஒரு வியாபாரியிடம். அவர் நம்பத் தகுந்தவரா என்று அறிவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பேசுபொருள்.

பெட்டியில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர்

வெளிநாட்டு முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனங்கள் தாமே சரக்கை வாங்கி வைத்து நேரடியாக மக்களுக்கு விற்பதை இந்திய அரசின் விதிகள் அனுமதிப்பதில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கும் சந்தையாக மட்டுமே அவை இயங்கலாம். எனவே தளத்தின் பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் இருக்கும் பொருளின் உரிமையாளர் சூரத்திலோ டெல்லியிலோ சௌகார்பேட்டையிலோ இருக்கும் வேறொருவர். பொருளைச் செய்தவர், விற்றவர், கொண்டுவந்து தந்தவர் என மூன்று தரப்பினர் இதில் உண்டு. பொருள் தளத்தின் கிடங்கிலிருந்து விரைவாக வந்து சேர்வதால் விற்றவர் யோக்கியர் என்று ஆகிவிடாது. திருவள்ளூரில் பிடிபட்ட பொருட்களும் தளத்தின் கிடங்கில் இருந்தவைதான்.

கோளாறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. வீட்டு பிரஷர் குக்கர்களுக்கு 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதன் பிறகும் அமேசான் வழியாக 2,265 குக்கர்களும் ஃபிளிப்கார்ட் வழியாக 598 குக்கர்களும் முத்திரையின்றி விற்கப்பட்டதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. 2022 ஆகஸ்டில் இரு நிறுவனங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் பெறும் தளம், கோளாறு வந்ததும் தனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்க முடியாது என்பது ஆணையத்தின் வாதம். நிறுவனங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகின. வழக்கு எப்படிப் போனாலும், முத்திரை இல்லாத குக்கர் பல மாதங்கள் பல வீட்டு அடுப்புகளில் இருந்தது. தளத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்கியதன் விளைவு இது.

தேடும்போது பட்டியலில் முதலில் வருபவர் சிறந்த வியாபாரி என்ற எண்ணமும் சரியன்று. அங்கே விளம்பரக் கட்டணம் செலுத்தியவர்களும் இருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணைப் பிரிவு, இரு பெரிய தளங்களும் குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டின என்று அறிக்கை அளித்ததாக 2024இல் செய்திகள் வெளியாயின. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. எப்படியாயினும், முதல் இடம் நற்சான்று ஆகாது.

நட்சத்திரங்களை யார் போட்டார்கள்?

நம்மில் பெரும்பாலோர் பார்ப்பது நட்சத்திரத்தைத்தான். 4.3 இருந்தால் வாங்குகிறோம், 3.1 இருந்தால் விட்டுவிடுகிறோம். இதைத் தெரிந்துகொண்டவர்கள் நட்சத்திரத்தையே ஒரு சரக்காக ஆக்கிவிட்டார்கள்.

பணம் கொடுத்தோ, இலவசப் பொருள் கொடுத்தோ விமர்சனம் எழுத ஆள் திரட்டிய பத்தாயிரத்துக்கும் அதிகமான முகநூல் குழுக்களின் நிர்வாகிகள் மீது 2022 ஜூலையில் அமேசான் நிறுவனமே வழக்குத் தொடுத்தது. இன்னொரு தந்திரமும் உண்டு. நன்றாக விற்கும் ஒரு பொருளின் பக்கத்தோடு சம்பந்தமில்லாத புதிய பொருளை இணைத்து, பழைய பொருளுக்கு மக்கள் தந்த நட்சத்திரங்களைப் புதியதற்குச் சொந்தமாக்குவது. அமெரிக்காவில் ஊட்டச்சத்து மாத்திரை விற்கும் பவுண்டிஃபுல் என்ற நிறுவனம் இவ்வாறு செய்ததாக வந்த வழக்கில், 2023இல் 6 லட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள், விற்பவர் தன்னை நுகர்வோர்போல் காட்டிக்கொண்டு விமர்சனம் எழுதுவதைத் தடுக்கின்றன. 2022 நவம்பரில் பிஐஎஸ் அமைப்பு இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தர நெறியை வெளியிட்டது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றும் நெறியாகவே வந்தது. ஆகவே விழிப்பாக இருக்க வேண்டிய பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது.

மார்க்கம் படித்தவர்களுக்கு இத்தந்திரங்கள் எதுவும் புதிதல்ல. பால் கறக்காமல் சில நாள் விட்டு, மடியைப் பெரிதாகக் காட்டி ஆட்டை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவருக்கு, கறந்து பார்த்த பின் வைத்துக்கொள்ளவும் திருப்பித் தரவும் உரிமை அளித்தார்கள். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் பொருளைப் புகழ்ந்தும் விலையை ஏற்றியும் பிறரைச் சிக்க வைப்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் நஜ்ஷ் என்று பெயர். அதுவும் தடுக்கப்பட்டதே. காசு வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுபவர் செய்வது இதுதான்.

நம் பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். "வீட்டிலிருந்தே ரேட்டிங் போட்டுச் சம்பாதியுங்கள்" என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் அழைப்பு இரண்டு வகையில் ஆபத்தானது. உண்மையாகவே வேலை தந்தால் அது பொய் சாட்சிக்கான கூலி. பெரும்பாலும் அதுவும் கிடையாது. முதலில் சிறு தொகையைத் தந்து ஆசை காட்டி, பிறகு "டெபாசிட்" என்று கேட்டுச் சேமிப்பையே பறிக்கும் மோசடி அது.

உமர் (ரலி) கேட்ட மூன்று கேள்விகள்

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதை அறிவித்தவர் யார் என்று பார்ப்பார்கள். அறிவிப்பாளரின் பெயரே தெரியாவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே நின்றுவிடும். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. இந்தப் பழக்கத்தைக் கைப்பேசித் திரைக்கும் கொண்டுவரலாம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு பிரபலமான அறிவிப்பு உண்டு. ஒருவருக்கு நற்சான்று சொல்ல இன்னொருவர் முன்வந்தார். அவரிடம் உமர் (ரலி) மூன்று கேள்விகள் கேட்டார்கள். அவருடைய வரவும் போக்கும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர்? அவரோடு பயணம் சென்றிருக்கிறீரா? அவரோடு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் பள்ளிவாசலில் அவர் தொழுவதைப் பார்த்திருப்பீர், அவரை உமக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். இணைய வியாபாரியை எடைபோட இந்த மூன்று கேள்விகளே போதும்.

முதலாவது, அண்டை வீட்டுக் கேள்வி. அவருடைய முகவரி நமக்குத் தெரியுமா? 2020 விதிகளின்படி, விற்பவரின் வணிகப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும். பொருளின் பக்கத்தில் விற்பவர் பெயரைத் தொட்டால் இவை கிடைக்கும். அங்கே 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். முதல் இரு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் பதிந்தார், முகவரி எது என்பவை தெரிய வரும். போன மாதம் பதிந்தவர் பத்து வருட அனுபவம் என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். இன்னொருவரின் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. எனவே அந்தப் பெயரும், பில்லில் உள்ள பெயரும், பணம் செல்லும் கணக்கின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். 2023 அக்டோபர் முதல், வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள் தம் மாநிலத்துக்குள் மட்டும் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலும் தளங்களில் விற்க அனுமதி உண்டு.

இரண்டாவது, பயணக் கேள்வி. பயணத்தில் சிரமம் வரும்போதுதான் மனிதரின் குணம் தெரியும். வியாபாரியின் குணம் பொருள் பழுதாகும்போது தெரியும். ஆகவே ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தள்ளி வைத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் தந்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். பழுது என்று சொன்னவருக்கு வியாபாரி மாற்றித் தந்தாரா, அல்லது பதிலே இல்லையா? பொருளுக்கான மதிப்பீடு வேறு, விற்பவருக்கான மதிப்பீடு வேறு. ஒரே குக்கரைப் பத்துப் பேர் விற்பார்கள். அதில் ஒருவர் போலியை அனுப்பலாம். எல்லா விமர்சனமும் ஒரே வாரத்தில் வந்திருந்தாலோ, எழுதிய வாசகம் ஒன்றுபோலவே இருந்தாலோ, மிக்ஸியின் பக்கத்தில் செருப்பைப் பற்றிய விமர்சனம் கிடந்தாலோ விலகிவிடுவது நல்லது.

மூன்றாவது, பணக் கேள்வி. முன்பின் தெரியாதவரிடம் முதலிலேயே பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம். சிறியதாக ஒன்று வாங்கிப் பாருங்கள். சொன்னதுதான் வந்ததா, பில் வந்ததா என்று கவனியுங்கள். "தளத்தில் வேண்டாம், நேரே யுபிஐயில் அனுப்புங்கள், 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவரை அத்தோடு விட்டுவிடுங்கள். பணம் தளத்துக்கு வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பும் திரும்பப் பெறும் வசதியும் போய்விடும்.

பொருளுக்கும் ஒரு சோதனை உண்டு. பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் ஐஎஸ்ஐ உரிம எண்ணையும், மின்னணுப் பொருட்களின் பதிவு எண்ணையும், நகையில் பொறித்த ஹெச்யுஐடி எண்ணையும் இட்டால் அது யாருக்குக் கொடுத்த எண் என்று காட்டும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தேன், பேரீச்சை, மசாலா போன்ற உணவுப் பொருளாயின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்க வேண்டும். "மதீனாவிலிருந்து நேரடி இறக்குமதி" என்ற வாசகம் அந்த எண்ணுக்கு ஈடாகாது.

ஸலாம் சொன்னால் போதுமா?

நம் குடும்பங்கள் எளிதில் ஏமாறும் இடம் பெரிய தளங்களைவிட இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். அங்கே பணத்தை நடுவில் நிறுத்தி வைத்துப் பாதுகாக்க யாரும் இல்லை. முன்பணம் போன பின் எண்ணை பிளாக் செய்துவிட்டால் தேடிப்போக முகவரியும் இருக்காது. அபாயா, அத்தர், பேரீச்சை, உம்ரா பயணச் சாமான் என்று நமக்குப் பிரியமான பொருட்களைக் காட்டி, பக்கத்தின் பெயரை அரபியில் வைத்து, முதல் செய்தியிலேயே ஸலாம் சொல்லி, "தீனி சகோதரி" என்று அழைத்தால் நம் பெண்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். "நம்மவங்கதானே" என்று பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். தொழுவதைப் பார்த்ததை மட்டும் வைத்து ஒருவருக்குச் சான்று தர உமர் (ரலி) ஒப்பவில்லை. இங்கே நாம் அந்தத் தொழுகையைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது ஒரு பக்கத்தின் முகப்புப் படம் மட்டுமே. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் 6ஆவது வசனம் கற்பிக்கும் ஒழுக்கம். முகவரியும் பில்லும் கேட்பதில் சந்தேகப் புத்தி எதுவும் இல்லை. கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கின் விவரப் பகுதியைத் திறந்தால், அது தொடங்கிய மாதமும், முன்பு எத்தனை முறை பெயர் மாறியது என்பதும் பல கணக்குகளுக்குத் தெரியும். முந்தைய வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தைக் கேளுங்கள். பக்கத்துக்காரர் அனுப்பும் பாராட்டு ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாகக் கொள்ளாதீர்கள், அதை யாரும் தயாரிக்க முடியும்.

வீட்டில் பெரியவர்களிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். யாரும் ஆர்டர் செய்யாத பார்சல் "கேஷ் ஆன் டெலிவரி" என்று வந்தால், பிள்ளைகளிடம் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். "ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்" என்றால் சொல்லவே கூடாது.

நம் வீட்டு வியாபாரிகளுக்கும் சில வார்த்தைகள்

ஏமாற்றுக்காரர்களால் அதிகம் பாதிக்கப்படுவது வாங்குபவர் மட்டுமல்ல. வீட்டிலிருந்தே தைத்தும் சமைத்தும் விற்கும் நேர்மையான பெண்களும்தான். நாலு பேர் மோசம் செய்தால் ஐந்தாவதாக வரும் நல்லவரிடமும் யாரும் முன்பணம் தரமாட்டார்கள். கணவரை இழந்தோ, குடும்பத்தின் கடனுக்காகவோ இதில் இறங்கியவர்களின் பிழைப்பு அதனால் கெடுகிறது.

அவர்களும் சில விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். மொத்த வியாபாரியின் படத்தை அப்படியே பகிர்ந்து, பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் விற்கும் மறுவிற்பனை இன்று பெருகிவிட்டது. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவர்களுக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கித் தரலாமா என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். இதற்கு ஆகுமான வழிகள் உண்டு. "நான் இன்ன கடையின் முகவர், எனக்கு இவ்வளவு கமிஷன்" என்று தெளிவாகப் பேசிக்கொள்ளலாம். அல்லது பொருளைத் தான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விற்கலாம். காணாத பொருளின் விற்பனையில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அது கூடும், ஆனால் பார்த்த பின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்த விற்பனையே செல்லாது. தன்மைகளை முழுமையாக வரையறுத்து முன்பணம் பெறும் ஸலம் முறையில்தான் அதற்கு வழி. தங்கள் வியாபாரத்துக்குப் பொருந்துவது எது என்று அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று எழுதி வைத்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2020 விதிகள் தடை செய்கின்றன. தெரிந்த குறையை மறைத்த பாவத்தையும் அந்த வாசகம் நீக்காது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் எல்லோரும் கேட்டதுதான். துணியின் உண்மையான நிறத்தையும் அளவையும் காட்டும் ஒரு படம்கூட இன்று அந்த ஈரத்தை மேலே வைப்பதற்குச் சமம்.

வாங்குபவருக்கும் அமானிதம் உண்டு. பெருநாளுக்கு உடுத்திவிட்டு "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புவதும், வந்த பொருளை வரவில்லை என்று சொல்வதும், ஆர்டர் செய்துவிட்டு வாசலில் வேண்டாம் என்பதும் சிறு வியாபாரியின் முதலைக் கரைக்கும். அதுவும் மோசடிதான்.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதுதான் மோசடிக்காரருக்கு நாம் செய்யும் பெரிய உதவி. விலையுயர்ந்த பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். பழுது என்றால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் தாருங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் அதைப் பெற்றதை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பணமே மோசடியாகப் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு.

அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வியாபாரி சூரத்தில் இருந்தாலும், புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கரணைக்காரர் சென்னையிலேயே தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது அதிகம். ஜுமுஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, ஜிஎஸ்டி எண்ணையும் ஐஎஸ்ஐ எண்ணையும் பார்ப்பது எப்படி என்று கல்லூரி மாணவர்களைக் கொண்டு பெரியவர்களுக்குச் சொல்லித் தரலாம். பெண்களுக்கான மார்க்க வகுப்பிலும் இதைப் பேசலாம். வீட்டுத் தொழில் செய்யும் சகோதரிகள் பெயர், முகவரி, விலை, திரும்பப் பெறும் நிபந்தனை ஆகியவற்றை எழுதித் தர வழிகாட்டலாம். மஹல்லாவில் யாராவது ஏமாந்தால் 1930ஐ அழைக்கவும் புகார் எழுதவும் இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்கலாம்.

இன்றே செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று. அடுத்த முறை பொருளைத் தேர்ந்தெடுத்த பின், பணம் செலுத்தும் பொத்தானைத் தொடுவதற்கு முன், விற்பவரின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒரு மனிதரும் முகவரியும் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக.